முதலில் வைத்த பெயர்

ஹாலில் மாட்டியிருந்த நத்தைப் படத்தைக் கணவன் பெருமையாகத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த மனைவி மெல்ல ஆரம்பித்தாள்.

"கோவிச்சுக்காதீங்க. இந்தப் படத்துல இருக்கிற கல்லாப் போன கடல் நத்தையைப் புது இனம்னு எழுதி உங்க பேர வெச்சேன்ல? அது புதுசே இல்ல. ஏற்கெனவே பேர் வெச்ச இனத்தோட குட்டி."

"எந்தப் பொறாமை பிடிச்சவன் சொன்னான்?"

"நானேதான் கண்டுபிடிச்சேன். முதல்ல வெச்ச பேருதான் நிக்கும். அது எங்கப்பா வெச்சது."

"யார் பேர வெச்சாரு?"

அதற்குள் அவன் மாமியார் வந்து படத்தைக் கழற்றினார்.

"என் பேரத்தான் மாப்பிள்ளை. இந்தக் குட்டிங்களை உங்க மாமா டப்பா டப்பாவா காட்டியிருக்காரு. நீங்க ஆசையா மாட்டினீங்களேன்னு பத்து வருஷமா வாயைத் திறக்கல."

படத்தை ஆசையாகப் பார்த்தார்.

"இது நான்தான், சின்ன வயசுல!"