வலது பக்கத்துச் சுடுகாடு

வேன் வலது பக்கம் திரும்பியதும் அன்னக்கிளிக்குப் பகீரென்றது.

அவள் ஆட்களுக்கு இடது பக்கம். ஓடையைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள். வலது பக்கம் மேலத்தெருக்காரர்களுடையது. எரிமேடை, தகரக் கொட்டகை, கை கால் கழுவத் தொட்டி எல்லாம் அங்கேதான். செத்த பிறகு எல்லாரும் ஒன்றுதான் என்பார்கள். அப்படிச் சொன்னவன் எந்த ஊர்க்காரனோ!

வேனுக்குள் அவள் அப்பா பொன்னுச்சாமி கிடந்தார். காலையில் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. தெருவைத் தகரத் தட்டி வைத்து அடைத்துவிட்டதால் சொந்தபந்தம் ஒருவரும் வரவில்லை. வந்தது நாலு பேர். கொரோனாப் பிணங்களை எடுத்து அடக்கம் செய்து கொடுக்கும் கடையநல்லூர் முஸ்லிம்கள். அக்கினி வெயிலில் தலையிலிருந்து கால்வரை வெள்ளைக் கவச உடை, அதற்குள் நோன்பு வேறு. அவளுக்கும் ஒன்றை மாட்டிவிட்டு முன்சீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

ஓட்டியவன் சுலைமான். வெளியூர்க்காரன், பாவம். அவர்களுக்கு ஊர் முழுசுக்கும் ஒரு கபர்ஸ்தான்தான். ஒரு ஊருக்கு ரெண்டு சுடுகாடு இருக்கும் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

வண்டியைத் திருப்பச் சொல்ல வாயெடுத்தாள். மேற்கே மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடைமழை.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், கூரையில்லாத இடது பக்கத்தில் அம்மாவை எரித்ததும் மழையில்தான். அது ஒரு எரிப்பா! ரெண்டு தரம் அணைந்து, டயரைப் போட்டு, மண்ணெண்ணெயை ஊற்றி, அப்படியும் முழுசாக வேகவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. "என்னையாவது நனையாம எரிச்சிரு மக்கா" என்று மட்டும் சொன்னார்.

வேன் கொட்டகை முன்னால் நின்றது. சுலைமான் இன்ஜினை நிறுத்தவில்லை.

"யக்கா, எறக்குறது இங்கனதான?"

மேலத்தெருவுக்குத் தெரிந்தால் நாளை முதல் அவளுக்குக் களை எடுக்க ஒரு வயல் கிடையாது. இந்த நாலு பேரை மட்டும் சும்மா விடுவார்களா?

"ஆமா தம்பி" என்றாள்.

பின்னாலேயே குட்டியானை வண்டியில் விறகு வந்து இறங்கியது. அவர்கள் பையில் சூடமும் வாய்க்கரிசியும்கூட இருந்தன. ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைத்ததும் அவள்தான். தீ பிடித்து எழுந்தபோது நாலு பேரும் ஒதுங்கி நின்று தலை குனிந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து மேலத்தெரு மகாராஜன் பைக்கில் வந்தான். ஐம்பதடி தள்ளி நின்று, யார் வீட்டுச் சாவு என்று கத்தினான்.

அன்னக்கிளி எரிமேடைக்குப் பின்னால் நகர்ந்தாள்.

"கொரோனா பாடி அண்ணாச்சி! காத்து உங்க பக்கம்லா அடிக்கு!" என்றான் சுலைமான்.

அவ்வளவுதான். நாலு தலைமுறையாகக் காத்த சுடுகாட்டை நாலே நொடியில் விட்டுவிட்டு, மகாராஜன் வந்த வழியே பறந்தான்.

மழை பிடித்துக்கொண்டது. தகரம் தடதடவென்று அதிர்ந்தது. கீழே தீ அசையாமல் எரிந்தது. அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் அப்பனைச் சுமந்த மனிதர்களிடம் பொய் சொல்லி, வம்பிலும் மாட்டிவிட்டோமே! விடிந்தால் ஊருக்குத் தெரியாமலா போகும்?

சுலைமான் வேன் பக்கம் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனிடம் போனாள்.

"தம்பி, ஒங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். இது எங்களுக்குள்ளது இல்ல. எங்களுக்கு ஓடைக்கு அங்கிட்டு."

அவன் நிமிரவில்லை.

"தெரியும்க்கா. போன வாரம் மேலத்தெரு அண்ணாச்சி ஒருத்தர இங்கனதான் கொண்டாந்தோம். ஓடைக்கு அங்கிட்டு உள்ளதையும் அன்னைக்கே பாத்தாச்சு. எறக்கும்போது நான் என்ன, உங்ககிட்ட வழியா கேட்டேன்?"