முப்பது குடம்

மொய் எழுதும் மேசைக்கு முன்னால் முறை வந்தபோதும் மலையாண்டி தோள் துண்டைக் கையில் எடுக்கவில்லை. நிமிர்ந்தே நின்றார்.

மேசைக்குப் பின்னால் பால்பாண்டி. மற்ற நாளில் காம்பவுண்டு மேனேஜர். இன்றைக்கு மொய் எழுதுகிறவன். காம்பவுண்டு முதலாளி பேச்சிமுத்துவின் பேத்திக்குக் காதுகுத்து. அவனியாபுரத்துத் தெருவை அடைத்துப் பந்தல். வேப்பமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர்.

மழையே காணாத வருஷம் அது. பன்னிரண்டு குடித்தனத்துக்கும் ஒரே கிணறு. வீட்டுக்கு நாளைக்கு ஆறு குடம், மேலே எடுத்தால் குடத்துக்கு ஒரு ரூபாய் என்று அட்டையில் எழுதிக் கிணற்றடியில் தொங்கவிட்டிருந்தான் பால்பாண்டி.

மலையாண்டி அதைக் குறை சொன்னதில்லை. அவர் மனைவி அன்னக்கொடி ஐந்து குடத்திலேயே வீட்டை ஓட்டிவிடுவாள்.

ஒரே ஒரு நாள்தான் முப்பது குடம் போனது.

அந்த மாத வாடகைச் சீட்டில், ‘அதிகப்படித் தண்ணீர், 24 குடம், ரூ. 24’ என்று தனியாக ஒரு வரி இருந்தது. சீட்டைக் கொண்டுவந்த அதே கை, மறுநாள் காதுகுத்துப் பத்திரிகையையும் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனது.

மூன்று தடவை ஆபீஸ் அறைக்குப் போய்க் கேட்டார். பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. வேண்டுமானால் வாடகையை ஏற்றிக்கொள்ளுங்கள், எங்கள் வீட்டுப் பேரில் அப்படி ஒரு வரி மட்டும் வேண்டாம் என்றார்.

“சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதேன் அண்ணே” என்றான் பால்பாண்டி.

பேச்சிமுத்து பேப்பரிலிருந்து தலையை எடுக்கவே இல்லை. “கட்ட முடியலேன்னா சொல்லுங்க. சாமான இறக்கித் தெருவுல வைக்க ஆள் விடுறேன்.”

அங்கே நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பத்தொன்பது வருஷமாக ஒரு மாதம் வாடகை பிந்தாத மனிதர். கேட்பதற்குப் பிள்ளைகுட்டி இல்லாத வீடு என்கிற தைரியம் பேச்சிமுத்துவுக்கு.

இதோ, இப்போது கட்ட வந்திருக்கிறார்.

இருபத்து நாலு ரூபாயை மேசையில் வைத்தார். பால்பாண்டி பல்லைக் காட்டினான்.

“வழிக்கு வந்துட்டீகளா? அது காம்பவுண்டுக் கணக்குண்ணே, நாளைக்கு ஆபீஸ்ல கட்டுங்க. இது மொய்.”

“மொய்தேன். எழுது.”

“அப்ப ஒத்த ரூவா கூட்டி வைங்க. ஒத்தப்படையா இருக்கட்டும்.”

“கூட்டாத.”

பின்னால் வரிசை நெருக்கியது. பால்பாண்டி எழுதினான். மொய் நோட்டில் எழுதியதை அடித்தால் வீட்டுக்கு ஆகாது என்பது அவனுக்கும் தெரியும்.

பக்கத்தில் மைக்கைப் பிடித்திருந்த சங்கிலி, காலையிலிருந்து இருநூறு பேரைக் கூவிவிட்டான். கொடுக்கிறவர் சொல்லச் சொல்ல, வெற்றிலை குதப்பிய வாய் அப்படியே திருப்பிச் சொல்லும். காது கேட்கும், மனசு கேட்காது.

“ஆறாம் நம்பர் வீடு மலையாண்டி” என்றார்.

“ஆறாம் நம்பர் வீடு மலையாண்டி” என்றது ஸ்பீக்கர்.

“சம்சாரம் அன்னக்கொடி.”

“சம்சாரம் அன்னக்கொடி.”

மேடையில், சோழவந்தானிலிருந்து சீர்த்தட்டோடு வந்த சம்பந்தி வீட்டாருக்கு நடுவில் பேச்சிமுத்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். குழந்தை தாய்மாமன் மடியில். ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார்.

“செத்த அன்னைக்கு, குளிப்பாட்ட எடுத்த தண்ணிக்கு.”

“செத்த அன்னைக்கு, குளிப்பாட்ட எடுத்த...”

சங்கிலியின் வாய் அங்கேதான் நின்றது. மைக் நிற்கவில்லை. மலையாண்டி அதன் பக்கம் சற்றே குனிந்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்க, நிதானமாகத் தானே முடித்தார்.

“...தண்ணிக்கு, வீட்டுக்காரக பேச்சிமுத்து கேட்ட கூலி, இருபத்து நாலு ரூவா.”

மேளம் நின்றது. ஆசாரி ஊசியைத் தட்டில் வைத்தார். சம்பந்தியம்மாள் குழந்தையைத் தூக்கி முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

பேச்சிமுத்து மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தான். செருப்பைக் கூடத் தேடவில்லை. மலையாண்டியின் கையைப் பிடித்தான்.

“அண்ணே, நாலு பேரு பாக்க இப்பிடியாண்ணே? பணத்த எடுத்துக்கங்க. எடுத்துக்கங்கண்ணே!”

“குடுத்த மொய்ய எடுக்கிற வீடு இல்ல எங்க வீடு. நீங்கதேன் திருப்பிச் செய்யணும்.”

கையை விடுவித்துக்கொண்டு துண்டைச் சரிசெய்தார். அணைக்க மறந்த மைக் அவருடைய குரலைத் தெரு முழுக்கக் கொண்டுபோனது.

“ரொம்ப நாள் காக்க வைக்க மாட்டேன். எங்க வீட்டுல இனி ஒரே ஒரு விசேஷந்தேன் பாக்கி. அன்னைக்கும் முப்பது குடம் ஆகும்.”