ஊர் வாரியாக

கொட்டாஞ்சேனை லாட்ஜில் கணக்கெழுதும் இரத்தினசிங்கம், பொலிசுக்குக் கொடுக்கவேண்டிய, இங்கே தங்கியிருப்பவர்களின் பட்டியலைக் கணினியின் கறுப்புத் திரையில் திறந்து வைத்திருக்கிறார். பெயர், காற்புள்ளி, அறை, காற்புள்ளி, ஊர். ஒரு வரிக் கட்டளை தட்டுகிறார். வரிகள் ஊர் வாரியாக இடம் மாறுகின்றன. நாற்பது வயதில் எழுத்துக்கூட்டப் பழகிய நான் என் பெயரைத் தேடுகிறேன். மலைநாட்டு ஹட்டன்காரர்களோடு இல்லை. கிளிநொச்சிக்காரர் மூவருக்குக் கீழே நிற்கிறது. கிளிநொச்சி என்றால், போர் நடக்கும் வடக்கிலிருந்து வந்த ஆளென்று சந்தேகப்பட்டு பொலிசார் உடனே ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். “தங்க வந்தப்ப நெரப்புன பாரத்துல ஹட்டன்னுதானே குடுத்தேன், ஐயா. கிளிநொச்சியில இருந்தத உங்ககிட்ட மட்டுந்தானே சொன்னேன்.” “ஓம் சங்கிலி. மறைச்சா என்னையும் ஏத்துவாங்கள்,” என்கிறார், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். பிரிண்டர் கிறீச்சிட்டுத் தாளைத் தள்ளுகிறது. வாசலில் நிற்கும் பொலிஸ்காரர் அதை வாங்கி, சங்கிலி யார் என்று சிங்களத்தில் கேட்கிறார். இரத்தினசிங்கத்தின் விரல் என் பக்கம் நீள்கிறது.