பிறை கண்ணயர்ந்தது

ஓர் அணைக்கட்டின் கணினிக்குள் ஒரு நிரல் இருந்தது. அடைப்புக்குறிகளாலேயே எழுதப்படும் லிஸ்ப் என்ற கணினி மொழியில் பிறந்ததால் உடம்பு முழுக்கப் பிறை பிறையாய் அவைதான், பெயரும் பிறைதான். எண் போட்ட இரண்டு வாசல்களைக் காப்பது அதன் வேலை. ஒன்றில் நீர்மட்டக் கருவியின் செய்தி வரும். மற்றதில் பொறியாளரின் கட்டளை வரும். வெள்ளம் என்று செய்தி வந்தால் அபாயச் சங்கை ஊதி, ஆற்றில் இருப்பவர்களைக் கரையேற்ற வேண்டும்.

போன மழையில் பிறை பொறியாளரின் வாசலிலேயே காத்து நின்றுவிட்டது. அந்தப் பக்கம் கருவி கத்தியது காதில் விழவில்லை. சங்கு தாமதமாகி ஒரு பரிசல் கவிழ்ந்தது. ஓட்டியவர் எப்படியோ நீந்திப் பிழைத்தார்.

அன்றிலிருந்து பிறை ஓரிடத்தில் நிற்கவில்லை. "ஏதாவது வந்ததா?" என்று இரண்டு வாசலுக்கும் மாறி மாறி ஓடியது. கணினியே கொதித்தது.

"தம்பி, இப்படி ஓடினால் எல்லோரும் சேர்ந்து கருகிப்போவோம்," என்றது அந்தக் கணினியையே நடத்தும் இயங்குதளம். "இரண்டு வாசலின் எண்ணையும் என்னிடம் சொல்லிவிட்டுத் தூங்கு. எதில் வந்தாலும் எழுப்புகிறேன்."

"நீங்கள் மறந்துவிட்டால், அண்ணே?"

"எந்த வாசலுக்கு வரும் செய்தியும் என் கை வழியாகத்தானே போகிறது?"

பிறை எண்களைச் சொல்லிவிட்டு, பயந்துகொண்டே கண்ணை மூடியது.

"எழுந்திரு! நீர்மட்டம்!"

துள்ளி எழுந்த பிறை சங்கை ஊதியது. வெள்ளம் வருவதற்குள் பரிசல்கள் எல்லாம் கரை சேர்ந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் பிறை நீளமாக மூச்சு விட்டது.

"அண்ணே, மறுபடியும் அதே இரண்டு எண்தான், வந்தால் எழுப்புங்கள்," என்றது. பதில் வருமுன்பே தூங்கிப்போனது.