இரண்டு வேதாகமங்கள்

ஒரு புத்தகக் கடையில் விளக்கக் குறிப்புள்ள வேதாகமங்கள் இரண்டு அருகருகே இருந்தன. பெரியதில் வசனத்துக்கு வசனம் நீண்ட விளக்கம். சின்னதில் பக்கத்துக்கு ஓரிரு குறிப்புகள்தான்.

“என்னை யார் வாங்குவார்கள்?” என்று சின்னது ஏங்கியது.

அன்று ஜெபக்கனி வந்தாள். கணவன் இறந்தபின் யார் சொன்ன ஆறுதலும் அவள் மனதில் நிற்கவில்லை. தானே வாசித்துப் பார்க்கலாம் என்று வந்திருந்தாள். பெரியதைத் திறந்து, சங்கீதம் எனப்படும் வேதப் பாடல்களில் ஒன்றை எடுத்தாள். விளக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் வசனம் எங்கே என்று தேட வேண்டியதாயிற்று.

அதே சங்கீதத்தைச் சின்னதில் வாசித்தாள். புரியாத ஒரு சொல்லுக்குக் கீழே பொருள் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு மறுபடி வாசித்தவள், பாதியில் நிறுத்திவிட்டாள்.

“ஐயோ, நான் போதவில்லை போலிருக்கிறதே!” என்று சின்னது பதறியது.

“சும்மா இரு. அவள் அழுகிறாள்” என்றது பெரியது.

ஜெபக்கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு சின்னதை வாங்கிக்கொண்டாள்.

“உனக்கு வருத்தமில்லையா?” என்று சின்னது போகும்போது கேட்டது.

“எதற்கு? வாசிக்கத் தொடங்கிவிட்டாள். இனி கேள்விகள் வரும். அப்போது என்னிடம் அனுப்பிவை” என்றது பெரியது.