ஒரு முட்டை விலைக்கு ஒரு மெமரி கார்டு

தினமும் ஒரு முட்டை களவு போனதால், செவத்தாயிக் கோழி கூட்டு வாசலில் கேமரா மாட்டினாள். அதற்கு மெமரி கார்டு வாங்கக் காக்கையின் கடைக்குப் போனாள்.

“பெருசு நாலு முட்டை அக்கா, பத்து நாள் தாங்கும். சின்னது ஒரு முட்டை. ஆனா ரெண்டு மணி நேரப் படம்தான் கொள்ளும். நிறைஞ்சா பழசை அழிச்சிட்டுப் புதுசைப் பிடிக்கும்” என்றது காக்கை.

“நாலா? அடப்பாவி, திருடனே நீதான்டா! வர்றவன் என்ன, ரெண்டு மணி நேரம் நின்னு போஸ் கொடுக்கவா போறான்? சின்னதைக் கொடு!”

ஒரு முட்டை கொடுத்து வாங்கிய பொருளாயிற்றே! கேமரா ஓடுகிறதா என்று பார்க்க, மறுநாள் விடிந்ததிலிருந்து அதன் முன்னால் நடையாய் நடந்தாள்.

சாயங்காலம் எண்ணினால் ஒரு முட்டை குறைந்தது. கேமரா திரையில் படத்தை ஓட்டியது. ரெண்டு மணி நேரமும் செவத்தாயிதான்.

“திருடன் எங்கடா?” என்று சீறினாள்.

“காலையில நீங்க அந்தப் பக்கம் திரும்பினப்போ யாரோ வந்தாங்கக்கா. அதை அழிச்சுத்தான் உங்களைப் பிடிச்சேன்” என்றது கேமரா.

கொத்தப் போன செவத்தாயி திரையைப் பார்த்து நின்றாள். “கொஞ்சம் பின்னால ஓட்டு. அந்தத் திரும்புற இடம்... நல்லாத்தான்டா நடக்கிறேன்!”

இருவரும் தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் இன்னொரு முட்டை நிதானமாக உருண்டு வெளியே போயிற்று.