ஜப்பானிய மொழியில் ஒரு மன்னிப்பு

கடவுச்சொல்லை அடித்தார். கணினியின் கறுப்புக் கட்டளைத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

மறுபடி அடித்தார். ம்ஹூம்.

விசைப்பலகை செத்துவிட்டது என்று முடிவுகட்டி, பக்கத்து மேஜை ஸ்டோர்காரருடையதைப் பிடுங்கிவந்து மாட்டினார் சூப்பர்வைசர். அதுவும் செத்துக் கிடந்தது. மூன்றாவதைத் தேடிக் கிளம்பும் முன்தான், யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதிவைத்திருந்ததைப் படித்தார். அந்தக் கறுப்புத் திரையில் கடவுச்சொல் அடித்தால் கண்ணுக்குத் தெரியாதாம். அடித்துவிட்டு, நம்பிக்கையோடு என்டரைத் தட்ட வேண்டியதுதானாம்.

தொழிற்சாலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'கம்ப்யூட்டர் புலி'. மக்கர் பண்ணிய பிரிண்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு ஓடவைத்தார். அந்த ஒரே வேட்டையில் கிடைத்த பட்டம். போன மாதம் ஆபீஸ் கணினிகளை எல்லாம் விண்டோஸிலிருந்து லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு மாற்றியபோது, இதெல்லாம் நமக்கு ஜுஜுபி என்று சொன்னதும் அவர்தான். அந்த வாய்க்கு நன்றாக வேண்டும்.

இன்று காலையிலிருந்து அந்த லினக்ஸில் ஜப்பானிய எழுத்தை வரவழைக்க மல்லுக்கட்டுகிறார்.

காரணம் இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்து மூன்று வருடம் இங்கே வேலை பார்த்த எஞ்சினியர் பெண் இன்றோடு ஊருக்குத் திரும்புகிறாள். ஐந்து மணிக்குக் கார்.

போன வாரம் பிளாஸ்டிக் வார்க்கும் பெரிய அச்சு வெடித்துப்போனது. அவள் சொன்ன சூட்டு அளவுதான் தப்பு என்று அறிக்கை எழுதிக் கொடுத்தவர் இவர். மறுநாள் தன் குறிப்பேட்டைப் பிரித்தால், அவள் சொன்னது இருநூற்றுப் பத்து என்று தன் கையெழுத்திலேயே இருக்கிறது. இவர் திருகிவைத்தது இருநூற்று அறுபது.

அதற்குள் மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைக் கிழிகிழியென்று கிழித்து முடித்திருந்தார். சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவாள்? சாட்சி இவர் ஒருவர்தான். உண்மை தெரிந்த பிறகும் இவர் வாயைத் திறக்கவில்லை.

அவள் வண்டி ஏறுவதற்குள் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும். அதுவும் அவள் தாய்மொழியில் கேட்பதுதான் மரியாதை என்று தனக்குத்தானே ஒரு தீர்மானம் நிறைவேற்றிக்கொண்டார்.

முதலில் அமைப்புகளுக்குள் போய், 'ஜப்பானியம்' என்று கண்ணில் பட்டதைச் சேர்த்தார். அடித்தால் ஆங்கிலமே வந்தது. அது வெறும் விசை வரிசைதானாம், எழுத்தை மாற்றித் தரும் மென்பொருளைத் தனியாக நிறுவ வேண்டுமாம். நிறுவினார். அப்போதும் ஆங்கிலம். நீக்கினார், மறுபடி நிறுவினார், கணினியைக் கண்டுபிடித்தவனின் வம்சத்தையே திட்டினார்.

"காலையிலேர்ந்து ஒரு எழுத்துகூட வரலையா? பேசாம பேனாவை எடுங்க சார்!" என்று சொல்லித் தன் விசைப்பலகையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டு போனார் ஸ்டோர்காரர்.

மூன்று மணிக்குத்தான் செய்முறையின் கடைசி வரியைப் படித்தார். ஒருமுறை வெளியேறி, மீண்டும் உள்ளே வரவும்.

அணைத்துப் போட்டே பட்டம் வாங்கிய புலிக்கு அது தோன்றவில்லை பாருங்கள்!

வெளியேறி உள்ளே வந்தார். எழுத்து வந்தது. நாற்காலியிலேயே ஒரு குதி குதித்தார்.

மொத்தம் ஒன்பது வரி. போனில் மொழிபெயர்த்து, உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் ஒரு தாளில் எழுதிவைத்திருந்தார். முதல் வரி இது: அச்சு உடைந்தது என் தப்பு, உங்கள் மேல் பழி போட்டதற்கு மன்னியுங்கள். இரண்டாவது வரி 'ஆனால்' என்று ஆரம்பிக்கும். ஆனால் அன்றைக்குச் சரியான வெக்கை. ஆனால் முந்தின நாள் தூக்கமில்லை. ஆனால் கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டேன். மிச்சம் உள்ளதும் அதே ரகம்.

ஆபீஸ் அரட்டைப் பெட்டியில் முதல் வரியை ஒற்றை விரலால் அடித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்தை உறுதிசெய்ய ஒரு என்டர். உறுதியானதா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு என்டர்.

வரி அவளுக்குப் போய்விட்டது.

ஐயையோ என்று இரண்டாவது வரிக்கு விரலைக் கொண்டுபோவதற்குள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. தடுப்பைச் சுற்றி நாலே எட்டு. அவள் வந்து நின்றாள். மிஷின்காரர்களோடு மூன்று வருடம் பேசிப் பேசி, இவரைவிடத் தெளிவாகத் தமிழ் பேசுகிறவள்.

தமிழில் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அது முதலில் அவருடைய காதிலேயே விழுந்திருக்கும். அந்தப் பயத்தில்தான் ஜப்பானிய மொழி, வேறொன்றுமில்லை.

அவள் திரையைப் பார்த்தாள். மேஜையில் கிடந்த தாளை எடுத்து, போகாமல் நின்ற எட்டு வரியையும் நிதானமாகப் படித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்குப் புரிஞ்சுதுண்ணா. இதையே மேனேஜருக்கும் தமிழ்ல எழுதிடுங்க. முதல் வரி மட்டும் போதும்."

மணி நாலு.

தமிழுக்கு எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. முதல் வார்த்தையை அடிக்க மட்டும் அவருக்கு இருபது நிமிடம் ஆனது.